பொட்டு வைத்த ரேம்

அஞ்சே நிமிஷம் என்று சொல்லிவிட்டுக் கடைக்கார இலியாஸ் பாய் குடோனுக்குப் போயிருக்கிறார், கம்ப்யூட்டர் சாமான் விற்கிற இந்த ரிச்சி தெருவில் அஞ்சு நிமிஷம் என்றால் அதற்குள் ஒரு டீயும் இரண்டு போனும் ஒரு சின்னச் சண்டையும் அடக்கம் என்று தெரிந்துதான் இந்தப் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன், மடியில் கைப்பை, கைப்பைக்குள் ஒரு ஸ்வீட் டப்பா, டப்பாவுக்குள் படுத்திருக்கிறது அந்த ரேம், நெற்றியில் குங்குமத்தோடு. நெற்றி என்று நான்தான் சொல்கிறேன், அதற்கு ஏது நெற்றி, கம்ப்யூட்டர் வேலை செய்யும் நேரத்தில் எதையெல்லாம் மனசில் வைத்திருக்க வேண்டுமோ அதையெல்லாம் வைத்துக்கொள்கிற ஒரு கறுப்புத் தகடு, சீப்பை விடக் கொஞ்சம் குட்டை, அடியில் தங்க நிறப் பல் வரிசை, அந்த வரிசையில் ஒரு பல் விழுந்த மாதிரி ஒரு வெட்டு. அந்த வெட்டில்தான் வந்தது வினை. டப்பாவைத் திறந்து காட்டியதும் பாய் முதலில் குங்குமத்தைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார், சிரிப்பை மீசைக்குள் ஒளித்துக்கொண்டு சொன்னார், ஆன்ட்டி, நீங்க கேக்குற போர்டுல இது உக்காராது, இது நாலு, அது அஞ்சு, வெட்டு வேற எடத்துல இருக்கும். தாடிக்கு மருதாணி போட்டிருக்கும் மனுஷன் என்னை ஆன்ட்டி என்கிறார், அதை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன், ஏனென்றால் அந்த நாலும் அஞ்சும்தான் காதில் நின்றது. போர்டு என்பது எல்லாவற்றையும் சொருகி வைக்கிற தாய்ப் பலகை, நாலு அஞ்சு என்பது ரேமின் தலைமுறைக் கணக்கு, இனிமேல் வருவதெல்லாம் அஞ்சாம் தலைமுறை, அது எனக்குத் தெரியும், தெரிந்தும் என் டப்பாவில் இருப்பது எத்தனை என்று திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை பாருங்கள். வாங்கின கடையில் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். பூஜை போட்டதை எந்தக் கடைல ஆன்ட்டி திருப்பி எடுப்பாங்க என்றார். அப்புறம் அவரே ஒரு வழியும் சொன்னார், நான் எழுதி வைத்திருக்கிற பிராசஸருக்கு, அதாவது கம்ப்யூட்டரின் மூளைக்கு, நாலு போடுகிற சின்ன போர்டும் இருக்கிறதாம், இரண்டையும் எடுத்து வருகிறாராம், அதற்குள் யோசித்து வைக்க வேண்டுமாம். யோசிக்கிறேன். அஞ்சு நிமிஷத்தில் யோசி என்றால் யாருக்கு யோசனை வரும், எனக்கு வியர்வைதான் வருகிறது, தலைக்கு மேலே சுற்றும் ஃபேன் என்னைத் தவிர எல்லோருக்கும் காற்று தருகிறது.

ஆனால் சந்தோஷமாக இருக்கிறது, அதைச் சொல்லிவிட வேண்டும், இந்தச் சிக்கலிலும் உள்ளுக்குள் ஏதோ ஒன்று குதித்துக்கொண்டே இருக்கிறது, எதிர்ச் சுவர் முழுக்க அட்டைப்பெட்டிகள், அதில் எழுதியிருப்பதெல்லாம் எனக்குப் புரிகிறது, போன வருஷம் இதே சுவரைக் காட்டியிருந்தால் பட்டாசுக் கடை என்று நினைத்திருப்பேன். அந்தப் பெட்டி மின்சாரம் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ், அதன் பக்கத்தில் இருப்பது சூடு தணிக்கிற கூலர், கூலரின் உயரம் கேபினெட்டின் அகலத்துக்குள் அடங்க வேண்டும், அடங்காவிட்டால் பக்கத்துக் கதவு மூடாது, கிராபிக்ஸ் கார்டு நீளமாக இருந்தால் முன்பக்க ஃபேனில் போய் இடிக்கும். இது என்ன பெரிய வித்தை, இருபத்தைந்து வருஷமாகக் குக்கர் மூடியைக் கட்டைப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்ப் பாத்திரக்கடையில் கேஸ்கெட் வாங்குகிறவள் நான், ஒரு கம்பெனி மூடிக்கு இன்னொரு கம்பெனி கேஸ்கெட் போட்டால் விசில் வராது, ஓரத்தில் சீறும், பருப்பு விறைத்துக்கொண்டு நிற்கும், மிக்ஸி ஜாரும் அப்படித்தான், அடியில் இருக்கும் கப்ளரின் பல் கணக்கு மாறினால் சட்னிக்குப் பதில் சத்தம்தான் வரும். எது எதோடு சேரும் என்பதை எங்களைவிட எவன் கற்றான். கற்றவள்தான், கற்ற கர்வத்தோடுதான் வந்தேன், வந்து இப்படி டப்பாவைத் திறந்து அசிங்கப்பட்டு நிற்கிறேன், மூடியைக் கடைக்கு எடுத்துப் போகாமல் கண்ணளவில் கேஸ்கெட் வாங்கி வருகிற ஆம்பிளைகள் மாதிரி.

எதற்கு உனக்கு இந்த வேலை என்று கேட்காதவர்கள் இல்லை. எனக்கு வெட்ட வரும், அதற்குத்தான். என் பெரியப்பா மகன் சுந்தரவேலு, அவன் பெண் கல்யாணத்தை வீடியோக்காரன் நாலு மணி நேரத்துக்கு எடுத்துக் கொடுத்திருந்தான், ரோஜாப்பூ சுழல்கிறது, பூவுக்குள்ளிருந்து மாப்பிள்ளை எட்டிப் பார்க்கிறார், சாம்பார் வாளி பந்தியில் போவதை மூன்று தடவை காட்டுகிறான், மாமாக்கள் வரிசையாக நின்று காமிராவை முறைக்கிறார்கள். பொறுக்கவில்லை. கஜேந்திரன் ஆபீசில் கழித்துக் கட்டின லேப்டாப் ஒன்று வீட்டில் கிடந்தது, கஜேந்திரன் என்பது என் வீட்டுக்காரர், மனசுக்குள் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன், அதில் உட்கார்ந்து நானாகவே கற்றுக்கொண்டு, பூவை வெட்டினேன், வாளியை வெட்டினேன், ஈவு இரக்கமில்லாமல் மாமாக்களை வெட்டினேன், தாலி கட்டும்போது பெண்ணுக்கு ஒரு கணம் வாய் கோணிக்கொண்டு அழுகை வந்ததே, அதை மட்டும் தொடாமல் விட்டேன். இருபத்தைந்து நிமிஷம் வந்தது. சுந்தரவேலு பார்த்துவிட்டு, உன் நாக்கு மாதிரியே இருக்கு பிரமி, எங்க வெட்டுதுன்னே தெரியல என்றான். அந்த ஒரு பேச்சில் எனக்கு முதுகு நிமிர்ந்தது, இன்னும் வளையவில்லை. அதைப் பார்த்துத்தான் நடனம் சொல்லிக்கொடுக்கிற கோமதி டீச்சர் தன் மாணவியின் அரங்கேற்றத்தைக் கொடுத்திருக்கிறார், மூன்று காமிரா, மூன்றையும் ஒரே சமயத்தில் ஓட விட்டு எதிலிருந்து எதற்குத் தாவுவது என்று பார்க்க வேண்டும், லேப்டாப் அரங்கேற்றத்தின் நடுவில் வருகிற வர்ணம் வரைக்கும் வந்து நின்றுவிட்டது, அந்தப் பெண் நேற்றுச் சாயங்காலத்திலிருந்து இடது காலைத் தூக்கியபடி ஒற்றைக் காலில் நிற்கிறாள், என்னால் கண்ணை மூட முடியவில்லை, எனக்குக் கணுக்கால் வலிக்கிறது. இது நல்லா வந்தா டிசம்பர்ல எங்க சபா புரோக்ராம் மொத்தமும் உங்களுக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார் டீச்சர். மொத்தமும். நடனம், பாட்டு, கதா காலட்சேபம், அத்தனை காமிராவும், அத்தனை மணி நேரமும் என் கத்திரிக்கு. அதனால்தான் அந்தப் பெரிய போர்டு, அஞ்சு போடுகிற போர்டு, ஆறு மாசமாக நான் மனசில் கட்டி வைத்திருக்கிற போர்டு. சின்ன போர்டில் அரங்கேற்றம் முடிந்துவிடும், காலைக் கீழே வைத்துவிடுவாள், அதில் சந்தேகமில்லை. டிசம்பர் முடியாது. அவ்வளவுதான் விஷயம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது, பெரிய போர்டு, புது ரேம், எழுந்து போ. எழுந்து போக முடியாமல் டப்பாவின் மூடியை நகத்தால் நெம்பிக்கொண்டிருக்கிறேன்.

சரஸா அக்காதான். கஜேந்திரனின் அக்கா, எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறார், தனி ஆள், தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், காலையில் ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவை கீழே இறங்கி வந்து என் சமையலறையில் எதையாவது இடம் மாற்றி வைத்துவிட்டுப் போவார். கம்ப்யூட்டரை நானே கட்டப்போகிறேன் என்று சொன்னபோது கஜேந்திரன் சிரித்தார், போனில் என் மகள் சிரித்தாள், எலக்ட்ரீஷியன்கூடச் சிரித்தான், அக்கா சிரிக்கவில்லை, உப்புமாத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, நீ செய்வே, ஆனா ஆயுத பூஜை அன்னைக்கு ஏதாவது ஒண்ணு வாங்கி வச்சு ஆரம்பிச்சிடு, சும்மா தொடங்காதே என்றார். கான்வென்டில் படித்த திமிர் எனக்கு, நல்ல நாள் பார்க்கிற வழக்கத்தை முப்பது வருஷமாகக் கிண்டல் செய்கிறவள், ஆனால் சிரிக்காத ஒரே ஆள் கேட்கும்போது எப்படி மாட்டேன் என்பது, பூஜை அன்றைக்குச் சாயங்காலம் வில்லிவாக்கம் பஸ் ஸ்டாண்டு எதிரில் இருக்கிற கடையில் நுழைந்தேன், பூவும் பொரியும் தோளில் இடிக்கிற கூட்டம், எது சின்னதோ அதைக் கொடு என்று கேட்டு வாங்கினேன், புது வீட்டுக்குப் போகும்போது உப்பும் மஞ்சளும் முதலில் எடுத்துப் போவார்களே அந்த மாதிரி, உப்புக்குத் தலைமுறை பார்ப்பார்களா. வீட்டுக்கு வந்து வெங்காயம் உரிக்கிற நேரத்தில் அக்கா கவரைப் பிரித்துவிட்டார். நான் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் சந்தனம் ஏறி, குங்குமம் ஏறி, ஒரு சாமந்தி இதழும் ஏறியாகிவிட்டது. கத்த வாயெடுத்தேன், அப்புறம் பார்த்தேன், ஸ்கூட்டர் சாவி, ஸ்குரூடிரைவர், அக்காவின் பழைய ஆபீஸ் பேனா, அதற்குப் பக்கத்தில் இது. ஒவ்வொரு வருஷமும் என் பங்குக்கு அங்கே அரிவாள்மணையும் கரண்டியும்தான் இருக்கும். இந்த வருஷம் இது இருந்தது. கற்பூரம் காட்டும்போது தங்கப் பல் வரிசை மின்னியது, கத்தவில்லை. இதை விட்டுவிட்டு வேறு ஒன்றைப் போட்டுக் கம்ப்யூட்டரை ஓட்டினால் அக்கா ஒன்றும் சொல்ல மாட்டார், அதுதான் பயம், ஒன்றும் சொல்லாமல் மாடிப்படி ஏறிப் போவார், நான் அந்தக் காலடிச் சத்தத்தை எண்ணிக்கொண்டு அடுப்பின் முன்னால் நிற்பேன்.

கஜேந்திரனுக்குப் போன் போட்டிருக்கக் கூடாது, பாய் கிளம்பின உடனே அவசரப்பட்டுப் போட்டுவிட்டேன், அவசரம் எனக்கு வியாதி, கான்வென்டில் சிஸ்டர் கிளாரன்ஸ் பிராக்ரஸ் கார்டில் வருஷா வருஷம் எழுதுவார், கெட்டிக்காரி, பொறுமையில்லை. கஜேந்திரன் ஆபீஸ் குரலில் பேசினார், வாங்கினது வாங்கியாச்சு பிரமிளா, அதுக்கு ஏத்த போர்டா வாங்கிட்டு வந்துட வேண்டியதுதானே, அக்கா மனசு நோகும், வீட்டுக்கு அது போதும். போதும். இந்த வார்த்தையை என் காதில் எத்தனை பேர் எத்தனை விதமாகப் போட்டிருக்கிறார்கள். எங்கள் கான்வென்டில் கம்ப்யூட்டர் ரூம் என்று ஒன்று வந்தது, அந்த ஊரிலேயே ஏசி போட்ட முதல் வகுப்பறை, செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டுக் கோயிலுக்குள் போகிற மாதிரி போவார்கள், மெஷினுக்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்தோம், தைத்தது ஹோம் சயன்ஸ் பெண்கள், அதாவது நாங்கள், அளவெடுத்தது நான், உறை கச்சிதமாகப் பொருந்தியது, போட்டுவிட்டு ஒரு தடவை தட்டிப் பார்க்கிறேன் சிஸ்டர் என்று கேட்டேன், பச்சை எழுத்து வருமாமே, ஒரே ஒரு தடவை. உறை போட்டது போதும், வெளியே வா என்றார்கள். கோபமில்லை, அன்பாகத்தான் சொன்னார்கள். அன்பாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். கிரகப்பிரவேசத்துக்கு அக்கா மெரூன் கலரில் ஒரு ஃபிரிட்ஜ் வாங்கித் தந்தார், அன்பாக, அதன் உயரத்துக்கு மேல் அலமாரியை அறுத்தோம், அகலத்துக்குக் கடப்பாக் கல்லை வெட்டினோம், நிறத்துக்குச் சேர வேண்டுமென்று திரைச்சீலை, அதற்குச் சேர சோபா உறை, எனக்கு மெரூன் பிடிக்காது, என் சமையலறை ஒரு ஃபிரிட்ஜைச் சுற்றி வளர்ந்த வீடு. முதலில் எது வந்து உட்கார்கிறதோ அதற்குப் பிறகு வருகிறதெல்லாம் வளைந்து கொடுக்க வேண்டும், இது எங்கள் வீட்டுச் சட்டம், எல்லா வீட்டுச் சட்டமும்தான். இப்போது விரல் நீளத் தகடு ஒன்று முதலில் வந்து உட்கார்ந்துவிட்டது, அதற்காக போர்டு வளைய வேண்டும், போர்டுக்காக டிசம்பர் வளைய வேண்டும். முடியுமா. முடியும் என்று ஒரு குரல் சொல்கிறது, அது என் குரல் மாதிரியே இருக்கிறது, அதுதான் எரிச்சல், அடுத்த வருஷம் பெரிசு வாங்கிக்கொள்ளலாம் என்கிறது, அடுத்த வருஷம் என்பது என்ன என்று எனக்குத் தெரியாதா, அது அலமாரி மேல்தட்டில் வைத்த கண்ணாடிப் பாத்திரம், விருந்தாளி வரும்போது எடுக்கலாம் என்று வைத்தது, விருந்தாளி வருகிறார்கள், எவர்சில்வரில் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். இன்னொரு பயமும் இருக்கிறது, அதையும் மறைக்க வேண்டாம், பெரிய போர்டை வாங்கிக்கொண்டு போய் நானே பிராசஸரை வைக்கும்போது அந்தச் சதுரத்துக்குள் முடி முடியாக நிற்கும் கம்பிகளில் ஒன்றை வளைத்துவிட்டால், பட்டனை அமுக்கி லைட்டே எரியாவிட்டால், அப்போது போதும் என்று சொன்னவர்கள் சொன்னதெல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடும். சின்ன போர்டு என்றால் தோற்றாலும் சின்னத் தோல்வி. ஓ, அப்படியா சேதி, அக்கா பெயரைச் சொல்லிக்கொண்டு இங்கே உட்கார்ந்து பேரம் பேசுவது நீதானா.

பாய் வந்துவிட்டார். கையில் ஒரே ஒரு பெட்டி. சின்னது. நான் எழுந்து நின்றதைப் பார்த்து அவரே விளக்கம் சொன்னார், நான் முன்பு அவருக்கு விலை கேட்டு மெசேஜ் போட்டது கஜேந்திரன் போனிலிருந்து, சார் இப்போது அதே போனிலிருந்து பேசினாராம், மேடம் குழம்பிட்டு நிக்கிறாங்க, நாலு போடுறதையே குடுத்துடுங்கன்னு சொன்னாராம், அதனால் பெரியதை எடுத்து வரவில்லையாம். எவ்வளவு அக்கறை. குழம்பித்தான் நின்றேன், ஒரு நிமிஷம் முன்பு வரைக்கும், ஆனால் அந்தப் பெட்டியைப் பார்த்ததும், எதிர்பார்க்கவே இல்லை, உடம்பு லேசாகிவிட்டது, துணி கிழியும்போது கோடு பிடித்துக்கொண்டு சர்ரென்று நேராகப் போகுமே அந்த மாதிரி. சார் வீடியோ வெட்டப் போறாரா பாய் என்று கேட்டேன். அவர் விழித்தார். நான் மெதுவாகத்தான் சொன்னேன், நம்புங்கள், எனக்கே ஆச்சரியம், அந்தப் பெருசை எடுத்துட்டு வாங்க, அதுக்கு அஞ்சாம் நம்பர் ரேம் ஒண்ணு, நல்லதா. அப்புறம், உங்களுக்கும் எனக்கும் அஞ்சு வயசுகூட வித்தியாசம் இருக்காது, ஆன்ட்டி வேணாம். சரிங்க மேடம் என்று சின்னப் பெட்டியோடு திரும்பினார், கடையில் நின்றிருந்த இரண்டு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். கஜேந்திரனைக் கூப்பிடவில்லை. மாடிக்குத்தான் போட்டேன். அக்கா எடுத்ததும், நீங்க பொட்டு வச்சது இந்த போர்டுல உக்காராதாம் அக்கா, எனக்கு வேணும்னு நெனச்ச போர்டைத்தான் வாங்கப்போறேன், அதுக்குப் புது ரேம் வேற போடணும், உங்க கிட்ட நானே சொல்லணும்னு கூப்பிட்டேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நின்றேன். அந்தப் பக்கம் பிரஷர் குக்கர் ஒன்று எங்கேயோ சீறியது. அப்படியே மாடிப்படி ஏறிப் போய்விட்டாரோ என்று தோன்றியது, அவர் இருப்பதே மாடியில் என்பது ஞாபகம் வந்தது. அப்புறம் அக்கா கேட்டார், அந்தப் புதுசு பிரிச்சாச்சா? இன்னும் இல்லை என்றேன். கவரோட எடுத்துட்டு வா, பொட்டை வெளிப்பக்கமா வைக்கிறேன், உள்ளே வச்சா உனக்குக் கோவம் வருது என்றார். அன்னைக்கு நான் கத்தலையே அக்கா என்றேன். கத்தியிருந்தா தேவலை, உன் மூஞ்சி இருந்த இருப்பு எனக்கில்ல தெரியும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். காது சூடாக இருந்தது, சிரிப்பு வந்தது, சிரித்தால் அழுதுவிடுவேன் போலவும் இருந்தது, யாருமில்லாத இடமா இது, பெட்டிச் சுவரில் எழுதியிருந்ததை ஒவ்வொன்றாக வாசித்தேன்.

பெரிய பெட்டி வந்தது. பெட்டியோட சீல் நீங்களே உடைங்க மேடம் என்று சின்னக் கத்தியை நீட்டினார் பாய், உடைத்தேன், உள்ளே ஒரு வெள்ளிக் கவர், அதற்குள் கன்னங்கரேலென்று போர்டு, படத்தில் பார்த்ததுதான், ஆறு மாசமாகத் தூக்கத்திலும் பார்த்ததுதான், ஆனாலும் ஓரங்களை மட்டும் பிடித்துக்கொண்டு முதல் தடவையாகத் தூக்கும்போது பச்சைக் குழந்தையைக் கையில் வாங்கின மாதிரி முழங்கை தானாக உடம்போடு ஒட்டிக்கொண்டது. நடுவில் பிராசஸர் உட்காரும் சதுரம், அதன் கம்பிகளுக்குப் பிளாஸ்டிக் மூடி, பக்கத்தில் ரேமுக்கு நாலு நீளப் பள்ளம். பாய் புது ரேமைப் பெட்டிக்கு மேலே வைத்தார், இந்த மாசம் என் கையிருப்புக்கு ஒன்றுதான் முடியும். ஒண்ணு போட்டா மீதி மூணு சும்மாதானே மேடம் கெடக்கும் என்றார், குத்தலாக இல்லை, வியாபாரமாக. கெடக்கட்டும் என்றேன். மூன்று பள்ளத்தையும் பார்த்தேன். என் வீட்டில் காலியாக ஓர் ஆணிகூட இல்லை, எந்தத் தட்டைத் திறந்தாலும் யாரோ வைத்தது ஏதோ இருக்கும், அதை ஒதுக்கித்தான் நான் வைப்பேன். இது ஒன்று டிசம்பருக்கு. அடுத்தது, அதற்கடுத்தது, எதற்கென்று தெரியவில்லை, தெரியாததால் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது. கட்டிடவா மேடம் என்று பாய் அட்டை மூடியை எடுத்தார், பொறுமையில்லாதவள் என்று பேர் எடுத்தவள் நான், கையை நடுவில் நீட்டிவிட்டேன். மூடாதீங்க பாய், ஒரு நிமிஷம், இன்னும் கொஞ்சம் பாத்துக்கிறேன்.